மொட்டை மாடிக்கு எத்தனை அடிக் குடை: 7, 9, 11?

மடிப்பாக்கம்_மாடி | ஏப்ரல் 21, காலை 7.10

அனைவருக்கும் வணக்கம். மாடிக்கு ஒரு தோட்டக்குடை வாங்க வேண்டும். எத்தனை அடி என்பதில்தான் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

எங்களுடையது வாடகை வீடு, இரண்டாம் தளம். தலைக்கு மேலேயே மொட்டை மாடி. அதில் 14 அடிக்கு 11 அடி மூலையை வீட்டு உரிமையாளர் எங்கள் புழக்கத்துக்கு விட்டிருக்கிறார். 4 அடி வட்ட மேசை ஒன்றும் நான்கு நாற்காலிகளும் போட்டிருக்கிறேன். தளத்தில் எங்கும் துளை போடக் கூடாது என்பது மட்டும் அவருடைய நிபந்தனை.

அப்பாவுக்கு 74 வயது. சென்ற ஆண்டு அம்மா தவறிய பிறகு அறையை விட்டு வெளியே வருவதே அரிதாகிவிட்டது. மாடிக்கு வந்தால் மட்டும் பேசுகிறார். மேற்கே மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பிடிக்கும். ஆனால் பிப்ரவரியில் கண்புரை அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து வெயிலில் கண் கூசுகிறது என்று பத்தே நிமிடத்தில் எழுந்து கீழே போய்விடுகிறார். மே 4ஆம் தேதி கத்திரி தொடங்குகிறது. அதற்குள் அவருக்கு ஒரு நிழல் செய்து கொடுத்துவிட வேண்டும்.

கடைக்காரர் 11 அடிப் பக்கக்கம்பக் குடையை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். இடம் பெரிதாக இருப்பதால் குடையும் பெரிதாக இருக்கட்டும் என்கிறார். 9 அடியும் 7 அடியும் நடுக்கம்பம் வைத்தவை. எதை வாங்கலாம்?

வேளச்சேரி_வாசி | ஏப்ரல் 21, காலை 8.02

இடம் இருக்கும்போது தயங்காமல் 11 அடியே வாங்குங்கள். பக்கக்கம்பம் என்றால் மேசைக்கு நடுவில் கழி குறுக்கே நிற்காது. சிறிதாக வாங்கிவிட்டு மறு ஆண்டே மாற்றியவன் நான்.

கடற்கரைச்சாலை_உணவகம் | ஏப்ரல் 21, முற்பகல் 11.30

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிறிய உணவகம் நடத்துகிறேன். முற்றத்தில் பன்னிரண்டு குடைகள் நிற்கின்றன. எட்டு ஆண்டுகளாக இவற்றோடுதான் காலம் போகிறது என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இடத்தின் அளவைப் பார்த்துக் குடை வாங்கக் கூடாது, மேசையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மேசை விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் 2 அடி கூடுதலாக நிழல் இருந்தால்தான் நாற்காலியில் சாய்ந்திருப்பவரின் தோளும் முதுகும் உள்ளே வரும். உங்களுடையது 4 அடி மேசை. இரு பக்கமும் இரண்டிரண்டு சேர்த்தால் 8. கடையில் அடுத்து இருப்பது 9, ஆகவே 9 அடி சரியாக இருக்கும்.

ஆனால் 9 என்று எழுதியிருப்பது 9 இல்லை, இதைக் கட்டாயம் கவனியுங்கள். சில கடைகளில் துணியின் வளைவோடு நாடாவை ஓட்டி அளந்து சொல்கிறார்கள். குடையை விரிக்கச் சொல்லி, ஒரு கம்பி நுனியிலிருந்து நேர் எதிர்க் கம்பி நுனிவரை காற்றில் நேராக அளந்து பாருங்கள். அப்படி அளந்து சரியாக 9 அடி வந்தாலும், எட்டுக் கம்பிக் குடை வட்டமன்று, எண்கோணம். நுனிக்கு நுனி 9 அடி என்றால் பக்கத்துக்குப் பக்கம் 8 அடி 4 அங்குலந்தான் தேறும். நிழலின் பரப்பும் வட்டத்துக்கு வரவேண்டிய 64 சதுர அடியிலிருந்து 57க்கு இறங்கிவிடும்.

விளிம்பின் உயரத்தையும் பாருங்கள். ஆறரை அடிக்குக் கீழே இறங்கினால் எழுந்து நிற்பவர் நெற்றியில் கம்பி நுனி இடிக்கும். எங்களிடம் பரிமாறும் பையன் ஒருவனுக்குப் புருவத்தில் இரண்டு தையல் போட வேண்டியதாயிற்று. அன்று மாலையே எல்லாக் குடைகளையும் உயர்த்தினேன்.

இயற்பியல்_ஆசிரியை | ஏப்ரல் 21, மாலை 6.45

தம்பி, எல்லாம் சொன்னீர்கள், உங்கள் அப்பா எந்த நேரத்தில் மாடிக்கு வருவார் என்பதைச் சொல்லவில்லையே?

மடிப்பாக்கம்_மாடி | ஏப்ரல் 21, இரவு 9.15

மாலை 4 மணியிலிருந்து 6 மணிவரை, அம்மா. பகல் தூக்கம் முடிந்து காபி குடித்ததும் வருவார். காலையில் நாங்கள் யாரும் மாடியில் உட்காருவதில்லை.

இயற்பியல்_ஆசிரியை | ஏப்ரல் 22, காலை 6.20

அப்படியானால் 9 அடியும் போதாது, 11 அடியும் போதாது. பொறுமையாகப் படியுங்கள், பள்ளிக்கூடக் கணக்குத்தான்.

குடையின் நிழல் குடைக்கு நேர் கீழே விழுவது உச்சிவேளையில் மட்டுமே. சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் 25 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் சூரியன் நமக்கு நேர் உச்சிக்கு வரும். அந்த நாட்களில் பன்னிரண்டு மணி கடந்த சில நிமிடங்களில், நட்டு வைத்த கழிக்கு நிழலே இருக்காது. மற்ற நேரமெல்லாம் நிழல் ஒதுங்கித்தான் விழும். எவ்வளவு ஒதுங்கும் என்பதற்கும் குடையின் அகலத்துக்கும் தொடர்பு இல்லை. துணி எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, சூரியன் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, இந்த இரண்டைப் பொறுத்தது அது.

துணி 7 அடி உயரத்தில் இருக்கிறது, மேசை இரண்டரை அடி என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி நாலரை அடி. இந்த வாரத்தில் சென்னையில் மாலை 3 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 48 பாகை உயரத்தில் இருக்கும். மேசை மட்டத்தில் நிழல் 4 அடி கிழக்கே போய்விடும். 4 மணிக்கு 33 பாகை; நிழல் ஏறக்குறைய 7 அடி தள்ளிப் போகும். 5 மணிக்கு 19 பாகை. 13 அடி தள்ளி!

9 அடிக் குடையின் நடுவிலிருந்து விளிம்பு நாலரை அடி. 4 மணிக்கு நிழலின் நடுப்பகுதியே 7 அடி தள்ளி விழும்போது மேசையில் வெயில்தான் அடிக்கும். 11 அடிக் குடைக்கு விளிம்பு ஐந்தரை அடி. அதுவும் எட்டாது. குடையை மேசைக்கு நடுவிலேயே நிறுத்தி 4 மணி நிழல் மேசையின் நடுவரை எட்ட வேண்டுமென்றாலே 14 அடிக் குடை வேண்டும். 5 மணிக்கு 26 அடி. உங்கள் இடமே 14 அடிதான்.

உணவக ஐயா சொன்ன 2 அடிக் கணக்கு தவறில்லை. அவரிடம் ஆட்கள் பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டரைவரை சாப்பிடுகிறார்கள். அந்த நேரத்துக்கு அது பொருந்தும். உங்கள் அப்பா உட்காருவது வேறு நேரம்.

என் சொல்லை நம்பி வாங்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு 7 அடிக் கழியை மாடியில் நேராக நிறுத்தி, மணிக்கு ஒரு முறை அதன் நிழல் நுனியில் சுண்ணக்கட்டியால் குறி போட்டு அளந்து வாருங்கள். பிறகு பேசுவோம்.

பந்தல்_பிரியன் | ஏப்ரல் 22, காலை 9.40

இவ்வளவு கணக்கு எதற்கு? நான்கு இரும்புக் குழாய் நட்டு, மேலே 75 விழுக்காடு மறைக்கும் பச்சை நிழல்வலையைக் கட்டினால் 14 அடியும் நிழலாகிவிடும். எங்கள் வீட்டில் ஐந்து ஆண்டுகளாக அப்படித்தான் இருக்கிறது. துளை போடக் கூடாதென்றால் பழைய பெயிண்ட் வாளியில் கான்கிரீட் நிரப்பி அதில் குழாயை நிறுத்தலாம்.

இயற்பியல்_ஆசிரியை | ஏப்ரல் 22, காலை 10.05

பந்தலுக்கும் இதே கணக்குத்தான் ஐயா. கூரை 8 அடியில் இருந்தால் 5 மணி வெயில் மேற்குப் பக்கத்திலிருந்து அதன் அடியிலேயே நுழைந்து உட்கார்ந்திருப்பவர் முகத்தில் அடிக்கும். மேற்கே ஒரு தட்டி கட்டினால்தான் நிற்கும். தட்டி கட்டிவிட்டால் இந்த வெயிலுக்கு மேலே கூரையே தேவைப்படாது.

பந்தல்_பிரியன் | ஏப்ரல் 22, காலை 10.30

உண்மைதான் அம்மா, எங்கள் வீட்டிலும் மேற்குப் பக்கம் தட்டி தொங்குகிறது. எழுதும்போது அதை மறந்துவிட்டேன். அப்படியென்றால் தம்பி தட்டி மட்டும் கட்டட்டும். செலவும் குறைவு.

மடிப்பாக்கம்_மாடி | ஏப்ரல் 22, இரவு 8.50

தட்டி நல்ல யோசனை. ஆனால் விமானம் மேற்கேதான் இறங்குகிறது. தட்டி கட்டினால் அப்பா எதைப் பார்ப்பதற்காக மாடிக்கு வருகிறாரோ அது மறைந்துவிடும். கழி வைத்து அளந்து பார்க்கிறேன்.

கோவை_காற்று | ஏப்ரல் 23, பிற்பகல் 2.15

வெயிலைப் பற்றியே பேசுகிறீர்கள், காற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. கோயம்புத்தூரில் எங்கள் மாடியில் 10 அடிப் பக்கக்கம்பக் குடை வைத்திருந்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று இங்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தும் வைத்தேன். ஒரு நாள் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் குடை அடித்தளத்தோடு சாய்ந்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு மாடியில் கிடந்தது. அவர்களுடைய சூரியத் தகடு ஒன்று உடைந்தது. அந்த வீட்டுக் குழந்தைகள் வழக்கமாக விளையாடும் இடம் அது. அன்று பள்ளிக்குப் போயிருந்தார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கை நடுங்குகிறது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவன் நான். குடை பறக்கும் என்று எனக்குத் தோன்றாமல் போயிற்று. மாடியில் வைப்பதென்றால், வேலைக்குப் போதுமான மிகச் சிறிய குடை எதுவோ அதை வாங்குங்கள். பயன்படுத்தாத நேரத்தில் மடக்கிக் கட்டிவிடுங்கள்.

வெண்பலகை | ஏப்ரல் 23, மாலை 5.00

இடையில் ஒரு கேள்வி. அடுக்ககத்தில் எங்கள் பால்கனி 4 அடி அகலம், 10 அடி நீளம். சுவரோடு ஒட்டி நிற்கும் அரைக்குடை விற்கிறார்கள். வாங்கலாமா?

கடற்கரைச்சாலை_உணவகம் | ஏப்ரல் 23, மாலை 7.20

வேண்டாம் சகோதரி. 4 அடி அகலத்தில் குடையின் கழியும் அடித்தளமும் நடக்கும் வழியை அடைத்துக்கொள்ளும். மேல்தளத்துப் பால்கனியே உங்களுக்குக் கூரையாக இருக்கும். மூங்கில் தட்டி அல்லது வெட்டிவேர்த் தட்டி சுருட்டி ஏற்றுவதுபோல் தொங்கவிடுங்கள்.

மடிப்பாக்கம்_மாடி | ஏப்ரல் 26, இரவு 9.30

அளந்துவிட்டேன். ஒட்டடைக் குச்சியோடு இன்னொரு கம்பைச் சேர்த்துக் கட்டிச் சரியாக 7 அடி ஆக்கி, மணல் வாளியில் நிறுத்தினேன். மகள் குறி போட்டாள்.

காலை 9 மணிக்கு நிழல் 7 அடி 1 அங்குலம், கிட்டத்தட்டக் கழியின் நீளமே. 10 மணிக்கு 4 அடி 2 அங்குலம். பன்னிரண்டு மணி கடந்து ஐந்தாறு நிமிடத்தில் நிழல் கழியின் அடியிலேயே ஒடுங்கிவிட்டது. மகளுக்கு நம்ப முடியவில்லை, வாளியைச் சுற்றிச் சுற்றி வந்து தேடினாள். மாலை 3 மணிக்கு 6 அடி 4 அங்குலம். 4 மணிக்கு 10 அடி 7 அங்குலம். 5 மணிக்குத் தரையில் இடம் போதாமல் கிழக்குக் கைப்பிடிச் சுவரில் ஏறிவிட்டது.

ஆசிரியை அம்மா சொன்னது அப்படியே நடந்தது. 11 அடிக் குடை வாங்கி மேசைக்கு மேலே விரித்திருந்தால் அதன் நிழல் யாரும் உட்காராத இடத்தில் விழுந்திருக்கும். இப்போது என்ன செய்ய? குடையே வேண்டாமா?

இயற்பியல்_ஆசிரியை | ஏப்ரல் 27, காலை 6.10

குடை வேண்டும். ஆனால் மேசைக்கு நடுவில் வேண்டாம்.

அப்பாவின் நாற்காலிக்கு மேற்கே 4 அடி தள்ளி அடித்தளத்தை வையுங்கள். தலைப்பகுதி சாயக்கூடிய குடையாக வாங்கி, துணியை மேற்கு நோக்கிச் சாயுங்கள். மழைச்சாரல் எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் கைக்குடையைச் சாய்த்துப் பிடிக்கிறோம் இல்லையா, வெயிலுக்கும் அதையே செய்யுங்கள்.

7 அடிக் குடைக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நடுப்பகுதி 7 அடி உயரத்தில், 45 பாகை சாய்வு. மேற்கு விளிம்பு நாலரை அடிக்கு இறங்கும், கிழக்கு விளிம்பு ஒன்பதரை அடிக்கு ஏறும். நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி. 4 மணி வெயிலும் 5 மணி வெயிலும் அவர் முகத்தில் படாது. மார்பில் வெயில் படுவதற்கு ஐந்தரை மணி நெருங்கிவிடும். சூரியன் விளிம்புக்குக் கீழே இறங்கிக் கண்ணில் படுவதற்கு 6 மணி ஆகும். அப்போது அது சிவந்து தணிந்திருக்கும். காலில் மட்டும் ஐந்து மணி வெயில் விழும், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது.

விமானமும் மறையாது. கைப்பிடிச் சுவர் 3 அடி, குடையின் விளிம்பு நாலரை அடி. இடையிலுள்ள ஒன்றரை அடியில் மேற்கு வானத்தின் அடிப்பகுதி முழுவதும் தெரியும்.

பாலம்_பொறியாளர் | ஏப்ரல் 27, இரவு 10.40

கட்டுமானத் துறையில் இருக்கிறேன். ஆசிரியை அம்மாவின் கணக்கு சரி. ஆனால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது.

கோடையில் சென்னையில் பகல் திரும்பும் நேரத்தில் கடற்காற்று உள்ளே வரும். வருவது கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும். குடையை மேற்கே சாய்த்தால் அதன் குழிந்த வயிற்றுப் பக்கம் கிழக்கைப் பார்க்கும். கடற்காற்று நேராக அந்த வயிற்றில் நிரம்பும். பாய்மரம் போலத்தான். அளவு முக்கியமாவது இந்த இடத்தில்.

காற்றழுத்தத்துக்கு எங்கள் இந்தியத் தர விதி நூலில் உள்ள சூத்திரம் எளிது. வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று என்றால் 60 நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6 கிலோ தள்ளு. 7 அடிக் குடையில் துணி 3.6 சதுர மீட்டர். தள்ளு 22 கிலோ. 9 அடியில் 5.9 சதுர மீட்டர், 36 கிலோ. 11 அடியில் 8.8 சதுர மீட்டர், 54 கிலோ. காற்றின் வேகம் இரு மடங்கானால் தள்ளு நான்கு மடங்காகும். இந்த எடை ஏழு அடி உயரத்தில் நின்று கம்பத்தை நெம்புகிறது என்பதை மறக்க வேண்டாம். 7க்கும் 9க்கும் இரண்டு அடிதான் வித்தியாசம் என்று நினைக்கிறோம், துணியோ ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது.

அடித்தளத்துக்குப் பெயிண்ட் வாளி வேண்டாம். 20 லிட்டர் வாளியில் கான்கிரீட் நிரப்பினால் 48 கிலோ வரும், எடை மோசமில்லை. ஆனால் வாளியின் அடி ஓர் அடி அகலங்கூட இல்லை, எளிதில் சாய்ந்துவிடும். எடை எவ்வளவு முக்கியமோ அடியின் அகலமும் அவ்வளவு முக்கியம். 2 அடிக்கு 2 அடி, 4 அங்குலக் கனத்தில் கான்கிரீட் பலகை வார்த்தால் சுமார் 90 கிலோ. 2 அங்குலக் கனத்தில் இரண்டு பலகைகளாக வார்த்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் இரண்டு பேர் படியேற்றிவிடலாம். கீழ்ப்பலகையில் குழாயை நட்டு வாருங்கள், மேல்பலகையின் நடுவில் அந்தக் குழாய் நுழைய ஓட்டை விடுங்கள். இதன்மேல் 7 அடிக் குடை சாய்ந்த நிலையில் மணிக்கு 25 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும். 9 அடிக் குடை அதே பலகையில் 20 கிலோமீட்டரைத் தாண்டினால் சாயத் தொடங்கும். 11 அடியை மாடியில் நினைக்கவே வேண்டாம்.

90 கிலோவைத் தளம் தாங்குமா என்ற கவலை வேண்டாம். ஆட்கள் நடமாடும் மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்று எடுத்துத்தான் வடிவமைக்கிறோம். பலகைக்கு அடியில் பழைய ரப்பர் விரிப்பு ஒன்றைப் போடுங்கள், தட்டோடு கீறாது. துளை போடக் கூடாது என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னது மிகவும் சரி. தட்டோட்டுக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்பு ஜல்லித் தளத்தில் ஒரு போல்ட் இறக்கினால் போதும், ஐப்பசி மழையில் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும்.

கொடிக்கம்பி கட்டும் கொக்கி ஏதாவது கிழக்குச் சுவரில் இருந்தால் அதிலும் சரி, தண்ணீர் நிரப்பிக் கிழக்கே வைத்த இரண்டு 25 லிட்டர் கேன்களிலும் சரி, கம்பத்தின் மேற்பகுதியிலிருந்து ஒரு நைலான் கயிறு இழுத்துக் கட்டிவிடுங்கள். அது தனி காப்பு.

கோவை_காற்று | ஏப்ரல் 28, காலை 7.00

பொறியாளர் ஐயா, இந்தக் கணக்கு அன்று என் கையில் இருந்திருக்க வேண்டும். என்னுடையது 10 அடி, அடித்தளம் 60 கிலோ.

வேளச்சேரி_வாசி | ஏப்ரல் 28, காலை 8.15

நான் முதலில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். என் வீட்டில் குடை இருப்பது கீழே, நான்கு பக்கமும் மதில் சூழ்ந்த முற்றத்தில். மாடியைப் பற்றி நினைக்காமல் எழுதிவிட்டேன்.

ஆலந்தூர்_தையல் | ஏப்ரல் 28, பிற்பகல் 3.30

குடைத்துணி கிழிந்து தைக்க வருபவர்களைத் தினமும் பார்க்கிறேன். கிழிவது பெரும்பாலும் துணியின் நடுவில் இல்லை. கம்பி நுனி செருகும் பை இருக்கிறதே, அங்கேதான் முதலில் விடும். பெரிய குடை என்றால் ஒவ்வொரு நுனியிலும் இழுப்பு கூடுதல். வாங்கும்போது எட்டு நுனிகளையும் விரலால் தடவிப் பார்த்து, துணி இரட்டையாக மடித்துத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். உச்சியில் காற்று வெளியேற ஒரு சிறு மேல்குடை வைத்த இரட்டை அடுக்கு மாடல்தான் மாடிக்கு ஏற்றது. வயிற்றில் நிரம்பும் காற்றில் கொஞ்சமாவது அதன் வழியே போகும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். வெள்ளை அழகாக இருக்கும், ஆனால் மெல்லிய வெள்ளைத் துணி ஒளியை உள்ளே விடும். கண் கூசுபவருக்கு அடர்ந்த நெசவில் கரும்பச்சையோ கருநீலமோ எடுங்கள். புற ஊதாக் காப்பு 50 என்று எழுதியிருந்தால் அந்தக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் துணியைக் கடக்கும் என்று பொருள். அது துணி வழியாக வருவதற்கு மட்டும். தரையிலிருந்து எதிரொளித்து வருவதைக் குடை தடுக்காது. உங்கள் மாடியில் வெள்ளை ஓடு பதித்திருக்கிறதா?

மடிப்பாக்கம்_மாடி | ஏப்ரல் 28, மாலை 6.10

ஆம் ஐயா, வெயில் தணிக்கும் வெள்ளை ஓடுதான்.

ஆலந்தூர்_தையல் | ஏப்ரல் 28, மாலை 6.40

அப்படியென்றால் அப்பாவின் நாற்காலிக்கு முன்னால், மேற்குப் பக்கமாக, பெரிய கோரைப் பாய் ஒன்றை விரித்துவிடுங்கள். கூச்சத்தில் பாதி அந்த ஓட்டிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

மடிப்பாக்கம்_மாடி | மே 3, இரவு 8.20

வாங்கிவிட்டேன். 7 அடி, எட்டுக் கம்பி, உச்சியில் இரட்டை அடுக்கு, கரும்பச்சை. கடையிலேயே விரிக்கச் சொல்லி அளந்தேன். நுனிக்கு நுனி 6 அடி 10 அங்குலம் வந்தது. அதற்கு முன் பார்த்த கடையில் 7 அடி என்று சொன்ன குடை 6 அடி 3 அங்குலந்தான் இருந்தது. உணவக ஐயாவுக்கு நன்றி. கடல் பக்கம் என்பதால் இரும்புக் கம்பத்தைத் தவிர்த்து அலுமினியம் எடுத்தேன்.

பலகைகளைத் தெருமுனையில் கட்டட வேலை நடந்த இடத்தில் மேஸ்திரி ஒருவர் வார்த்துக் கொடுத்தார். ஒரு வாரம் நனைத்து ஆறவிட வேண்டும் என்றதால் நாளைக்குள் முடியாது. கத்திரியின் முதல் வாரம் போகட்டும்.

மடிப்பாக்கம்_மாடி | மே 12, இரவு 9.00

ஞாயிற்றுக்கிழமை அடித்தளத்தை வைத்தோம். நாற்காலிக்கு மேற்கே 4 அடி, குடை மேற்கே சாய்வு, கொடிக்கம்பிக் கொக்கியிலிருந்து கயிறு, முன்னால் பாய்.

அப்பா நான்கு மணிக்கு வந்தார். முதலில் குடை ஏன் கோணலாக நிற்கிறது என்று கேட்டார். உட்கார்ந்தார். நாளிதழை விரித்தார். ஐந்தேகால்வரை தலையை நிமிர்த்தவே இல்லை. பிறகு ஒரு விமானம் இறங்குவதைப் பார்த்து, அம்மாவோடு முதல் முறை விமானத்தில் டெல்லிக்குப் போனதைச் சொல்லத் தொடங்கினார். எனக்குத் தெரியாத கதை அது. ஆறு மணிக்குச் சூரியன் விளிம்புக்குக் கீழே வந்தபோது கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு எழுந்தார்.

இயற்பியல்_ஆசிரியை | மே 13, காலை 6.00

நிறைவாக இருக்கிறது தம்பி. இரவில் குடையை மடக்கிக் கட்ட மறக்காதீர்கள்.

பாலம்_பொறியாளர் | மே 13, காலை 9.10

கோடை இடிமழைக்கு முன் வரும் சுழல்காற்று 25 கிலோமீட்டரோடு நிற்காது. மேகம் கறுத்தால் கயிற்றை நம்பாமல் குடையை முழுவதுமாக எடுத்துப் படிக்கட்டு அறைக்குள் வைத்துவிடுங்கள்.

மடிப்பாக்கம்_மாடி | ஆகஸ்ட் 19, இரவு 8.30

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். குடை நன்றாக இருக்கிறது. ஜூனில் ஒரு மாலை திடீரென்று காற்று எழுந்தபோது நான் வீட்டில் இல்லை. மகளே மேலே ஓடிப்போய் மடக்கியிருக்கிறாள். அதன் பிறகு, மாடியில் ஆள் இல்லாத நேரத்தில் குடை விரிந்திருக்கக் கூடாது என்று வீட்டில் விதி வைத்துவிட்டோம்.

நேற்று ஆகஸ்ட் 18. ஆசிரியை அம்மா எழுதியிருந்த நாள் என்பதால் மகள் ஒட்டடைக் கம்பை மறுபடியும் மணல் வாளியில் நிறுத்தினாள். பகல் பன்னிரண்டு மணிக்கு மாடிக்கு வராத அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவளோடு வந்து நின்றார். நிழல் சுருங்கிக் கழிக்குள் போவதை இருவரும் குனிந்து பார்த்தார்கள். இந்தக் குறியையெல்லாம் வருடம் முழுக்கப் போட்டு வைக்க வேண்டும் என்று சுண்ணக்கட்டியை அவரே வாங்கி வைத்துக்கொண்டார்.

அவர் கேட்கச் சொன்ன கேள்வி: மார்கழியில் குடையை எங்கே நகர்த்த வேண்டும்?

இயற்பியல்_ஆசிரியை | ஆகஸ்ட் 20, காலை 6.15

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மார்கழியில் 4 மணிச் சூரியன் மேற்கிலிருந்து 30 பாகைக்கும் மேல் தெற்கே ஒதுங்கியிருக்கும், உயரமும் 23 பாகைக்கு இறங்கிவிடும். நாற்காலியை மையமாக வைத்து, பலகைகளை அதே 4 அடி தூரத்தில் தென்மேற்குப் பக்கமாக இரண்டரை அடி சுற்றி நகர்த்துங்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் என்று செய்தி வந்தால் குடை கீழேதான் இருக்க வேண்டும். குறிகளைச் சுண்ணக்கட்டியில் போட்டால் மழை கரைத்துவிடும், ஒரு நோட்டுப் புத்தகத்திலும் அளவுகளை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

மடிப்பாக்கம்_மாடி | ஆகஸ்ட் 20, மாலை 6.50

நோட்டுப் புத்தகம் இன்றே தொடங்கியாயிற்று, அம்மா. முதல் பக்கத்தில் மகள் கையெழுத்தில் ஏப்ரல் 26ஆம் தேதி அளவுகள் இருக்கின்றன. அடுத்த பக்கம் அப்பாவுடைய கையெழுத்து.